பேங்க்குக்கும் பேங்க்சைடுக்கும் நடுவே ஓர் ஆறு

லண்டன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். தங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். போன வாரம் தொலைபேசியில் பேசியபோது, நான் தினமும் பேங்க்கில் இறங்கி நடப்பதாகச் சொன்னதைக் கேட்டுத் தாங்கள், ‘அப்படியென்றால் அலுவலகம் ஆற்றங்கரையிலா?’ என்றீர்கள், அம்மாவோ எனக்கு வங்கியில் வேலை கிடைத்துவிட்டதாக நினைத்து மகிழ்ந்தார். இரண்டும் இல்லை. பேங்க் என்பது இங்கே ஒரு பாதாள ரயில் நிலையம். 1694-இல் தொடங்கி, 1734 முதல் திரெட்நீடில் தெருவில் இருந்துவரும் இங்கிலாந்து வங்கி தலைக்கு மேலே நிற்பதால் வந்த பெயர். மேலே உள்ள தெருக்களின் போக்கிலேயே சுரங்கத்தையும் தோண்டியதால், சென்ட்ரல் பாதையின் நடைமேடை அரிவாள்போல் வளைந்திருக்கிறது. பெட்டி நேராகவும் மேடை வளைந்தும் இருப்பதால் இடையில் கால் நுழையும் அளவுக்குச் சந்து விழுகிறது. அதைப் பார்த்து இறங்கும்படி ஒலிபெருக்கி ஓயாமல் எச்சரிக்கிறது.

இந்தச் சொல்லால் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில், உடன் வேலை செய்யும் நண்பர் மாலை ஆறு மணிக்கு பேங்க்சைடில் சந்திக்கலாம் என்றார். பேங்க்கின் பக்கம் என்று நானாகவே பொருள் செய்துகொண்டு, வாங்கிய காபி ஆறிப்போகும்வரை நிலையத்தின் வாசலில் நின்றேன். அவரோ தேம்ஸ் நதிக்கு அக்கரையில் நின்றுகொண்டிருந்தார். பேங்க்சைடில் உள்ள பேங்க், கரை. நிலையத்தில் உள்ள பேங்க், பணம். கடைசியில் சதர்க் பாலத்தைக் கடந்து, காசிலிருந்து கரைக்கு நடந்துபோனேன்.

அன்றிரவே அகராதியைப் புரட்டினேன். தாங்கள் பழக்கிவிட்ட வழக்கம் வேறு என்ன செய்யும்? கரை என்னும் பொருளுடைய பேங்க், ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறியவர்களின் மொழிவழி ஆங்கிலத்துக்குள் நுழைந்திருக்கிறது. பழைய நோர்ஸ் மொழியின் ‘பக்கி’ என்ற சொல் அதற்கு நெருங்கிய உறவு. மேடாக உயர்ந்து நிற்பது என்பதே அடிப்படைப் பொருள். அதனால்தான் கடலுக்கடியில் இருக்கும் மணல்திட்டும் பேங்க், வானத்தில் திரண்டு நிற்கும் மேகமும் பேங்க். விமானம் திரும்பும்போது கரைச்சரிவுபோல் ஒருபக்கம் சாய்வதற்கும் அதே சொல்லையே வினையாக்கிக்கொண்டார்கள். வங்கி என்னும் பொருளில் வரும் பேங்க்கின் வரலாறு இதைவிடச் சுவையானது. ஜெர்மானியக் குடிகளின் சொல் இத்தாலிக்குப் போய் ‘பங்க்கா’ ஆயிற்று. மேசை அல்லது பலகை என்று பொருள். நாணயம் மாற்றுவோர் சந்தையில் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் காசைப் பரப்பி வியாபாரம் செய்ததால், பலகையின் பெயர் தொழிலுக்கு ஆகி, பிரெஞ்சு வழியாகப் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. இரண்டுக்கும் மூதாதை ஒரே ஜெர்மானியச் சொல்தான். ஒருவன் வடக்கே கரையோரமாகவே தங்கிவிட, மற்றவன் தெற்கே போய்ப் பணம் பார்த்துத் திரும்பியிருக்கிறான். ஒரே ஊரில் இருந்தும் ஒருவரையொருவர் அடையாளம் தெரியவில்லை. நாம் பள்ளியில் உட்கார்ந்த பெஞ்சும் இந்தக் குடும்பமே.

அந்தப் பலகை உடைந்தால் திவால். இத்தாலியில் அதை ‘பங்க்கா ரோத்தா’, அதாவது உடைந்த பலகை என்றார்கள். ஆங்கிலேயர் அதன் பின்பாதியை லத்தீனுக்கு ஏற்பத் திருத்தி ‘பேங்க்ரப்ட்’ ஆக்கிக்கொண்டார்கள். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாதவனின் பலகையை மற்றவர்கள் உடைப்பார்கள் என்று ஒரு கதையும் சொல்கிறார்கள். கதை நன்றாயிருக்கிறது, நான் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறேன். விருந்தைக் குறிக்கும் ‘பேங்க்விட்’ சிறிய பெஞ்சிலிருந்து வந்தது என்பதையும் அறிந்தபோது சிரித்துவிட்டேன்: விருந்தும் திவாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். துடுப்பு வலிப்போர் வரிசையாக உட்கார்ந்த பலகையும் இதே பெயரைப் பெற்றது. இன்று எங்கள் கட்டடத்தில் அடுத்தடுத்து நிற்கும் மின்தூக்கிகளை ஒரு பேங்க் என்று சொல்வது அந்த வழிவந்த வழக்குதான்.

ஒரு திங்கட்கிழமை ‘பேங்க் ஹாலிடே’ என்றார்கள். வங்கிக்காரர்களுக்கு விடுமுறை, நமக்கென்ன என்று கிளம்பிப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஜான் லபக் என்னும் வங்கியாளர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து 1871-இல் கொண்டுவந்த சட்டம் அது. வங்கிகள் மூடியிருக்கும் அந்நாளில் கெடு முடியும் உண்டியல்களுக்கு, அதாவது குறித்த நாளில் பணம் தரச் சொல்லி எழுதிய வணிகச் சீட்டுகளுக்கு, மறுநாள் பணம் கொடுத்தால் போதும் என்பதே அதன் ஏற்பாடு. வங்கிக்காக வந்த விடுப்பு நாளடைவில் எல்லாருக்கும் ஆகி, இங்கிலாந்தில் அப்போது நான்காக இருந்த நாட்கள் இப்போது எட்டாகிவிட்டன. நன்றி மறவாத மக்கள் அவற்றை ‘செயின்ட் லபக் நாட்கள்’ என்று வேடிக்கையாக அழைத்தார்களாம்.

வீட்டுக்காரம்மா நேற்று வெறும் பாட்டில்களைக் கொடுத்து, ‘இவற்றை பேங்க்கில் போட்டுவிடு’ என்றார். இம்முறை நான் ஏமாறவில்லை. தெருமுனையில் வட்டத் துளைகளும் அவற்றில் ரப்பர் மடலும் வைத்த பெரிய இரும்புத் தொட்டிகள் நிற்கின்றன. நிறமற்றது, பச்சை, பழுப்பு என்று பிரித்துப் போட வேண்டும். ஒவ்வொரு பாட்டிலும் உள்ளே விழுந்து நொறுங்கும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கிறது. பிரிட்டனில் முதல் பாட்டில் பேங்க்கை 1977-இல் பார்ன்ஸ்லி என்னும் ஊரில் வைத்தார்கள். நாமும் பணத்தை பேங்க்கில் ‘போடுகிறோம்’ என்றுதானே சொல்கிறோம் என்று எண்ணிக்கொண்டே ஒவ்வொன்றாகப் போட்டேன்.

அன்று ஆறு மணிக்கு, ஆற்றைக் கடக்காமல், காபி ஆறும்வரை நின்றேன் அல்லவா? அந்த மூன்றில் எவை ஒரு வேரிலிருந்து வந்தவை, எவை ஒலியால் மட்டும் ஒன்றுபட்டவை என்று அடுத்த கடிதத்தில் விளக்கி எழுதுங்கள். அம்மாவிடம், வங்கியில் எனக்குக் கணக்கு மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்