இரண்டு பிளைண்டும் ஒன்றல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஆன்லைன் போக்கர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பெரிய மேஜைக்காரர்களை விட்டுவிட்டு, குறைந்த தொகைக்கு ஆடுபவர்களுக்காக எழுதியிருந்தது எனக்குப் பிடித்தது. ஆனால் "பட்டனில் இருப்பவர் ரைஸ் செய்தால் பிளைண்டை விட்டுக்கொடுக்காதீர்கள், அது உங்கள் பணம்" என்ற வரியைச் சும்மா விட மனசில்லை. (பிளைண்டு என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு இருக்கைக்காரர்கள் கட்டாயமாகப் போடும் பணம்; பிக் பிளைண்டு முழுசு, ஸ்மால் பிளைண்டு அதில் பாதி, அந்த இருக்கைகளுக்கும் அதே பெயர். பட்டன் என்பது பின்னால் வரும் சுற்றுகளில் கடைசியில் பேசும் இருக்கை. ரைஸ் என்றால் தொகையை உயர்த்துவது.) நான் கணக்குத் தணிக்கையில் காலம் தள்ளியவன். செலவாகிப் போன தொகையை இன்னும் கையிருப்பில் காட்டும் ஏட்டைக் கண்டால் சிவப்பு மை தேடுவேன். பிளைண்டு போட்ட நொடியில் அது நம்முடையது இல்லை, நடுவில் கிடக்கும் பணம். அதை மீட்கிறேன் என்று கிளம்புகிறவர்தான் மேலும் மூன்று சுற்றுக்குப் பணம் போட்டுவிட்டு, "அவன் திருடிட்டான் சார்" என்று புலம்புவார்.

அப்படியானால் ஏன் காக்க வேண்டும்? விலை மலிவாகக் கிடைப்பதால். பட்டனிலிருந்து ஒருவர் இரண்டரை பிக் பிளைண்டுக்கு ரைஸ் செய்கிறார், ஸ்மால் பிளைண்டு ஃபோல்டு, அதாவது சீட்டை விட்டுவிடுகிறார். நடுவில் 4 பிக் பிளைண்டு இருக்கிறது. பிக் பிளைண்டில் இருக்கும் நீங்கள் போட வேண்டியது இன்னும் ஒன்றரை. ஒன்றரை போட்டு மொத்தம் ஐந்தரைக்கு ஆடுகிறீர்கள், அதாவது 27 சதவீதம் ஜெயித்தால் போட்டது திரும்பிவிடும். ரைஸ் வெறும் இரண்டு மடங்காக இருந்தால் 22 சதவீதம் போதும். மூன்று மடங்கு என்றால் 31 வேண்டும். எதிராளி எவ்வளவு சின்னதாக ரைஸ் செய்கிறாரோ அவ்வளவு அதிகக் கைகளோடு (கை என்றால் உங்களிடம் உள்ள இரண்டு சீட்டு) உள்ளே போகலாம். சின்ன மேஜைகளில் பலர் இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. எதிராளியிடம் ஏதோ இரண்டு சீட்டு இருக்கிறது என்று வைத்தால், ரகம் சேராத ஏழு-இரண்டுகூடச் சுமார் 35 சதவீதம் ஜெயிக்கும். அப்புறம் என்ன, எல்லாவற்றையும் கால் செய்துவிடலாமே (ரைஸுக்குச் சமமாகப் போட்டு உள்ளே போவதுதான் கால்) என்று தோன்றும். அந்த 35, மேஜையில் ஐந்து பொதுச் சீட்டும் விழும்வரை உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைப்பது. ஃப்ளாப்பில் (முதலில் விழும் மூன்று பொதுச் சீட்டில்) ஒன்றும் ஒட்டாமல், முதல் பெட்டிலேயே ஃபோல்டு செய்பவருக்கு அதில் பாதிகூடத் தேறாது. ஆகவே கால் செய்யும் சீட்டு பின்னால் ஏதாவது ஆக முடிகிற சீட்டாக இருக்க வேண்டும். ஒரே ரகத்து ஏழு-ஆறு அப்படிப்பட்டது. ரகம் சேராத கிங்-இரண்டு பார்க்கத்தான் கம்பீரம்.

ஸ்பேட் ஒன்பது-ஏழோடு பிக் பிளைண்டில் கால் செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளாப்பில் எட்டு, ஆறு, இரண்டு விழுகிறது, மூன்றும் வேறு வேறு ரகம். நடுவில் ஐந்தரை. நீங்கள் செக் (பணம் போடாமல் கடத்துவது), அவர் பழக்கதோஷத்தில் 2 போடுகிறார். அவர் பட்டனில் ரைஸ் செய்த ஏஸ்-குயின், கிங்-ஜாக், குயின்-பத்து எல்லாம் இந்த ஃப்ளாப்பில் வெறும் காற்று. எட்டு-ஆறு ஜோடிகள், ஐந்து-நான்கு மாதிரியான குப்பைகள் உங்களிடம்தான் அதிகம் இருக்கும். இங்கே 7 என்று செக்-ரைஸ் செய்தால் அவர் நிறையக் கைகளை விட்டுவிடுவார். விடாவிட்டாலும் பத்தோ ஐந்தோ வந்தால் உங்களுக்கு ஸ்ட்ரெயிட், அதாவது வரிசையாக ஐந்து சீட்டு. இன்னும் இரண்டு சீட்டு பாக்கி இருக்கும்போது அதற்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு வாய்ப்பு. அதே சீட்டுக்கு ஏஸ்-கிங்-நான்கு விழுந்தால் செக், ஃபோல்டு, அடுத்த கை. பிளைண்டைக் காப்பதில் திரையில் 'கால்' பொத்தானை அமுக்குவது சின்ன வேலை. ஃப்ளாப்புக்குப் பிறகு சண்டை போடத் தயாரில்லை என்றால் முன்னாலேயே விட்டுவிடுவது மேல்.

கட்டுரையில் எனக்குப் பெரிய குறை, ஸ்மால் பிளைண்டையும் பிக் பிளைண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியது. ஸ்மால் பிளைண்டில் அதே ரைஸுக்கு 2 போட வேண்டும். மூன்றில் ஒரு முறை ஜெயிக்க வேண்டும். பின்னால் பிக் பிளைண்டு வேறு உட்கார்ந்திருக்கிறார், அவர் மறுபடி ரைஸ் செய்தால் போட்ட 2 போச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஃப்ளாப் முதல் ரிவர் (ஐந்தாவது பொதுச் சீட்டு) வரை நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். அந்த இருக்கையில் கால் என்பதே ஏறக்குறைய வேண்டாம் என்பது என் கட்சி. நல்ல சீட்டா, பத்துப் பிக் பிளைண்டுக்கு ரீ-ரைஸ். இல்லையா, ஃபோல்டு.

இதற்கு ரேக், அதாவது தளம் எடுக்கும் கழிவு, ஒரு காரணம். பெரும்பாலான தளங்களில் ஃப்ளாப் விழாமல் முடிந்த கைக்கு ரேக் கிடையாது. ரீ-ரைஸில் எல்லோரும் ஒதுங்கினால் நடுவில் இருப்பது முழுசாகக் கைக்கு வரும். கால் செய்து ஃப்ளாப் பார்த்தாலோ தளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 5 சதவீதம் எடுக்கும் மேஜையில் மேலே சொன்ன 27, கிட்டத்தட்ட 29 ஆகிவிடுகிறது. ரேக்குக்கு ஓர் உச்சவரம்பு உண்டுதான், ஆனால் சின்ன மேஜையில் அந்த வரம்பைத் தொடும் கை அபூர்வம். அங்கே ஆடுபவர்தான் விகிதப்படி அதிகம் கட்டுகிறார். பெரிய மேஜைக்குப் போட்ட கால் பட்டியலைச் சின்ன மேஜைக்கு அப்படியே இறக்கினால் கணக்கு இடிப்பது இதனால்தான்.

ரீ-ரைஸுக்கும் ஆள் பார்க்க வேண்டும். பத்துக்கு ரைஸ் செய்யும் ஸ்மால் பிளைண்டு ஒன்பதரை வைத்து நான்கைப் பிடிக்கப் பார்க்கிறார்; வெறும் மிரட்டல் என்றால் பத்துக்கு ஏழு முறை எதிராளி ஓட வேண்டும். சின்ன மேஜையில் பலர் ஓட மாட்டார்கள், என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று கால் செய்வார்கள். அவர்களிடம் ஒரே ரகத்து ஏஸ்-ஐந்தை வைத்து வித்தை காட்டாமல், பத்து ஜோடியும் ஏஸ்-குயினும் வரும்போது பெரிதாகப் போடுவது லாபம். நாலைந்து மேஜை திறந்துவைத்து இயந்திரம் மாதிரி பட்டனில் ரைஸ் செய்துகொண்டே இருப்பவர் வேறு ரகம். அவரிடம்தான் அந்த ஏஸ்-ஐந்து வித்தை செல்லும். ஒரு ஏஸ் உங்கள் கையில் இருப்பதால் அவரிடம் ஏஸ் ஜோடி இருக்கும் வழிகள் ஆறிலிருந்து மூன்றாகிவிடுகின்றன.

ஃபோல்டு செய்தே பழகியவர்களுக்கும் ஒரு கணக்கு. இரண்டரைக்கு ரைஸ் செய்பவர் ஒன்றரையைப் பிடிக்கிறார். இரு பிளைண்டும் சேர்ந்து 62.5 சதவீதம் விட்டுக்கொடுத்தால் அவருக்கு நஷ்டமில்லை. ஆளுக்கு 80 சதவீதம் ஃபோல்டு செய்தால் இருவரும் சேர்ந்து விடுவது 64. பட்டன்காரர் சீட்டைத் திருப்பிப் பார்க்காமலே ரைஸ் செய்யலாம். பிக் பிளைண்டில் எல்லாவற்றையும் விட்டால் அந்த இருக்கையில் 100 கைக்கு 100 பிக் பிளைண்டு நஷ்டம். திறமையானவர்களும் அங்கே நஷ்டம்தான் காட்டுகிறார்கள், குறைவாகக் காட்டுகிறார்கள்.

கட்டுரையில் இடமே பெறாத ஒன்றும் உண்டு. எல்லோரும் ஒதுங்கி, ஸ்மால் பிளைண்டு ரைஸ் செய்தால் ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியில் பேசுவது பிக் பிளைண்டு. பட்டனுக்கு எதிராக விட்ட பல கைகளை இங்கே தாராளமாக ஆடலாம்.

இரண்டாம் பகுதி வரும் என்று கட்டுரையாளர் சொல்லியிருக்கிறார். அதில் ஸ்மால் பிளைண்டுக்குத் தனிப் பட்டியல் கொடுக்கச் சொல்லுங்கள். ரகம் சேராத கிங்-ஜாக்கை அங்கிருந்து கால் செய்யலாம் என்று இப்போதைய பட்டியலில் இருப்பதையும் நீக்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கையாளர், தங்கள் வாசகர்