மாவட்டப் போட்டிக்கு முன் ஒரு கடிதம்

அன்புள்ள சிவராமனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வு பெற்ற பின்னும் மாலை வேளைகளில் மைதானத்துக்குப் போய்வருகிறேன்; முழங்கால் வலிதான் விடுவதாக இல்லை. மற்றபடி இங்கே எல்லோரும் நலம்.

பயிற்சியில் 400 மீட்டரை நன்றாக ஓடும் உன் மகள், போட்டி என்றால் முந்தைய நாளே சோறு இறங்காமல் தவிக்கிறாள் என்றும், குறுவட்டப் போட்டியில் ஓடுவதற்குச் சற்று முன்பு வாந்தி எடுத்தாள் என்றும் எழுதியிருந்தாய். வாந்தியைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. கல்லூரி ரிலே அணியில் கடைசி ஆளாக நின்ற நீ, பேட்டன் கைக்கு வருவதற்குள் எத்தனை முறை கழிப்பறைக்கு ஓடியிருப்பாய் என்பதை நினைத்துப் பார்.

அமெரிக்க விளையாட்டு உளவியலாளர் ரெய்னர் மார்ட்டென்ஸும் அவருடைய குழுவினரும் போட்டிப் பதற்றத்தை, உடலில் தெரிவது, மனத்தில் ஓடுவது என இரண்டாகப் பிரித்து அளந்தார்கள். படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு ஆகியவை போட்டி நெருங்க நெருங்க ஏறி, துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் பெரும்பாலும் வடிந்துவிடும். மனக்கவலையோ பல நாட்களுக்கு முன்பே தொடங்கி, ஓட்டத்தின் நடுவிலும் கூடவே வரும். முதல் 200 மீட்டரைத் தலைதெறிக்க ஓடிவிட்டுக் கடைசி 100 மீட்டரில் கால் கட்டிப்போய் நின்றாள் என்று நீ எழுதிய வரிதான், வாந்தியைவிட என்னை யோசிக்க வைத்தது. தன் வேகத்தை நம்பாமல், பக்கத்து லேனில் ஓடுபவளைப் பார்த்து ஓடும் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் இப்படி ஆகும்.

என்னிடம் பயின்ற நீளம் தாண்டும் மாணவி ஒருத்தியின் நினைவு வருகிறது. பயிற்சியில் அவளுடைய ரன்-அப் அளவெடுத்தாற்போல் இருக்கும். போட்டியிலோ முதல் இரண்டு வாய்ப்புகளிலும் ஃபவுல். மூன்றாவதும் போனால் முதல் எட்டுப் பேரில் இடமில்லை என்பதால், பலகைக்கு வெகு தூரம் முன்பே காலை ஊன்றி, பாதி மனத்தோடு தாண்டுவாள். அவளுடைய தந்தை மணல் குழிக்குப் பக்கத்துக் கம்பிவேலியைப் பிடித்தபடி நிற்பார். திட்ட மாட்டார், ஒரு வார்த்தையும் பேச மாட்டார். ஆனால் ஒவ்வொரு தாண்டலுக்கும் முன்பு அவள் பார்ப்பது பலகையை அல்ல, அந்த வேலியைத்தான்.

இதை உன்னை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மாநில அளவில் பதக்கம் பெற்றால் ஸ்கூட்டர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாய்; விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் என்ற பேச்சும் உன் வீட்டில் ஓயாமல் நடக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடத்தி, முடிவை 1973இல் வெளியிட்டார்கள். வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர் தாமாக வரைய உட்கார்ந்த நேரம் குறைந்துபோனது. எதிர்பாராமல் அதே பரிசைப் பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. உன் மகள் ஆறாம் வகுப்பில் ஓடத் தொடங்கியபோது எந்த ஸ்கூட்டரும் இருக்கவில்லை. இன்று அவள் ஓட்டத்தோடு சேர்த்து உங்கள் குடும்பக் கணக்கையும் சுமந்துகொண்டு ஸ்டார்ட்டிங் பிளாக்கில் குனிகிறாள் என்பதே என் எண்ணம். ஒதுக்கீட்டு விண்ணப்பத்தை நீ தாராளமாகக் கவனித்துக்கொள். அந்தப் பேச்சு அவள் காதுக்குப் போகாமல் இருந்தால் போதும்.

தோற்றால் துவண்டுவிடுவாளே என்று கேட்டிருந்தாய். நம் சதுரங்க வீரர் குகேஷ், உலகப் பட்டத்துக்கு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்க 2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாவது சுற்றில் ஃபிரூஜாவிடம் தோற்றார். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் இந்தத் தொடர் தன்னுடையதாகலாம் என்ற உணர்வு வந்தது என்று பின்னர் அவரே சொன்னார். அதே ஆண்டு சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான முதல் ஆட்டத்தையும் தோற்றுவிட்டுத்தான் 18 வயதில் பட்டத்தை வென்றார். அவருடைய அணியில் மனப்பயிற்சியாளர் பேடி அப்டனும் இருந்தார் என்பதைக் கவனி. அத்தகைய உதவியை நாடுவது நம் ஊரில் இன்னும் மானக்கேடாகவே பார்க்கப்படுகிறது, என்ன செய்வது!

அவளுடைய பயிற்சியாளரிடமும் நீ பேச வேண்டும். சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களை ஆராய்ந்த ஸ்மித், ஸ்மோல் ஆகிய இருவரும், முயற்சியைப் பாராட்டவும், பிழை நேர்ந்தால் திட்டாமல் திருத்திச் சொல்லவும் சில பயிற்சியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மறு ஆண்டு, அவர்களிடம் ஆடிய சிறுவர்களில் 5 விழுக்காட்டினரே விளையாட்டை விட்டு விலகினார்கள். மற்றவர்களிடம் ஆடியவர்களில் அது 26 விழுக்காடு. ஒரு சிறு பயிற்சி வகுப்பு செய்த வேலை அது.

இப்போதைக்கு அவளுக்கு மூன்றாம் இடமா, முதலிடமா என்ற இலக்கு வேண்டாம். முதல் 200 மீட்டரை எத்தனை விநாடியில் கடக்க வேண்டும் என்பதை மட்டும் பயிற்சியாளர் குறித்துக் கொடுக்கட்டும். பதறாதே என்று யாரும் அவளிடம் சொல்லவேண்டாம். அதைக் கேட்டுப் பதற்றம் தணிந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. போட்டியன்று காலை இட்லி இறங்காவிட்டால் வாழைப்பழமும் கொஞ்சம் குளுக்கோஸ் தண்ணீரும் கொடு. நீ கேலரியின் மேல் வரிசையில் உட்கார், வேலியோரம் வராதே.

மாவட்டப் போட்டித் தேதி தெரிந்ததும் எழுது. அந்த வாரம் திருச்சிக்கு வரும் வேலை ஒன்று இருக்கிறது. முடிந்தால் நானும் மேல் வரிசைக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ராஜமாணிக்கம்