மைக்ரோ எல்.ஈ.டி. என்று பில்லில் எழுதினால் ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் முப்பது வருடமாக ரி.வி. திருத்துகிறேன். இப்போது கடைகளிலும் விளம்பரங்களிலும் அடிக்கடி கண்ணில் படுகிற 'மைக்ரோ எல்.ஈ.டி.' என்ற திரைவகையின் பெயரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு கலியாண மண்டபத்தில் கூப்பிட்டார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய திரை. அதில் மாப்பிள்ளையின் நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாகக் கறுப்பு. "மைக்ரோ எல்.ஈ.டி. அண்ணை, வாங்கி இரண்டு வருடம்கூட ஆகேல்லை" என்று பொறுப்பாளர் பில்லை நீட்டினார். பில்லிலும் அப்படித்தான் இருந்தது. பழுதான தட்டைக் கழற்றி அடிமட்டம் வைத்தேன். 16 சென்ரிமீற்றருக்கு 64 பொட்டுகள். ஒன்றுக்கொன்று இரண்டரை மில்லிமீற்றர் இடைவெளி. எங்கள் தொழிலில் 'பி 2.5' என்போம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு பொட்டும் ஒரு குட்டிப் பெட்டி, அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துகள். சாதாரண எல்.ஈ.டி. சுவர்த்திரை. கூடாத சாமான் என்று சொல்லமாட்டேன், மூன்று மீற்றர் தள்ளியிருந்து பார்க்க நன்றாகவே இருக்கும். பழுதுக்குக் காரணமும் பெரும்பாலும் கடற்காற்றின் ஈரந்தான். அந்த ஈரம் காய, மழைக்காலத்தில் விசேஷம் இல்லாத நாளிலும் ஓரிரு மணி நேரம் திரையைப் போட்டுவைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

உண்மையான மைக்ரோ எல்.ஈ.டி.யில் ஒளிதரும் சில்லு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது. பின்னாலிருந்து வெளிச்சம் அடிப்பதில்லை, ஒவ்வொரு சில்லும் தானே ஒளிரும். அதனால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். சேதனப் பொருளால் ஒளிரும் ஓ.எல்.ஈ.டி. திரையில் செய்திச் சனலின் சின்னம் மூலையில் நிழலாகப் படிந்துவிட்டது என்று என்னிடம் ரி.வி. கொண்டுவருவார்கள், மைக்ரோ எல்.ஈ.டி.யில் சேதனப் பொருள் இல்லாததால் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

சரி, ஏன் இவ்வளவு விலை? ஒரு 4கே திரையில் 82 இலட்சத்து 94 ஆயிரத்து 400 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று சில்லு என்றால் ஏறக்குறைய இரண்டரைக் கோடி. அத்தனையையும் பிசகாமல் இடம்மாற்றிப் பதிக்க வேண்டும். பத்தாயிரத்துக்கு ஒன்று தவறினாலே கிட்டத்தட்ட 2,500 செத்த சில்லுகள்! சாம்சங் 2020 டிசம்பரில் கொரியாவில் அறிவித்த 110 அங்குல ரி.வி.யின் விலை 17 கோடி வொன். அமெரிக்க டொலரில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். அது பி 2.5 சுவரின் விலைக்குக் கிடைக்குமா என்று வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டாமா?

இன்னொரு குழப்பம் 'மினி எல்.ஈ.டி.'. அது எல்.சி.டி. ரி.வி.தான், பின்வெளிச்சத்துக்குச் சின்ன எல்.ஈ.டி.களைக் கூடுதலாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. அதையும் 'மைக்ரோ' என்று சொல்லி விற்பதை என் காதாலேயே கேட்டேன்.

திரை விளம்பரம் கொண்டுவருகிறவர்களிடம் உங்கள் விளம்பரப் பகுதியினர் இரண்டு விஷயங்களைக் கேட்டுப் போட்டால் உதவியாக இருக்கும்: பொட்டுகளுக்கிடையே எத்தனை மில்லிமீற்றர், வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறதா, தானே ஒளிர்கிறதா. மண்டபம், கோயில், சங்கம் என்று பொதுக்காசில் வாங்குகிறவர்களும் இதே இரண்டையும் பில்லில் எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ரி.வி. திருத்துநர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6