கோயில்காட்டில் மரக்கன்றுகளும் பிழைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகிலுள்ள காசம்பட்டி வீரகோயில் காடு, 2025-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 5 ஹெக்டேரே உள்ள அக்காடு அரசாணை வரும்வரை பிழைத்துக் கிடந்ததற்கு, அது சாமிக்கு விட்ட காடு என்ற ஊர்க் கட்டுப்பாடே முதற்காரணம்.

எங்கள் பக்கத்து நிலைமையும் இதுதான். விழுப்புரம், புதுச்சேரி, கடலூர்க் கரையோரத்தில், வறட்சியிலும் ஆண்டு முழுதும் பசுமையாக நிற்கும் உலர் பசுமைமாறாக் காட்டில் இன்று எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி, கீழ்ப்புத்துப்பட்டில் உள்ளதைப் போல, அய்யனார் கோயில்களைச் சுற்றித்தான் நிற்கிறது. வீரை, காயா, உலக்கைப்பாலை போன்ற மரங்கள் அங்கே தப்பியிருந்ததால்தான், ஆரோவில்லில் காடு வளர்த்தவர்களுக்கு விதை கிடைத்தது.

ஆனால், அரிவாளைத் தடுத்த ஐதீகம் துடைப்பத்தைத் தடுக்கவில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் சில ஆண்டுகளுக்கு முன் திருப்பணி நடந்தபோது ஒரு மரத்தையும் யாரும் வெட்டவில்லை. புதரை மட்டும் வழித்தெடுத்து, சன்னிதியைச் சுற்றிச் சிமெண்ட் தளம் போட்டு, நாள்தோறும் சருகைக் கூட்டி எரித்தார்கள். சுத்தமாக வைத்திருக்கிறோம் என்ற பெருமை வேறு! சருகு மூடாத மண்ணில் ஈரம் தங்காது, விழுந்த விதை முளைத்தாலும் கோடையைத் தாண்டாது, கன்று இல்லாத காடு இருக்கிற மரங்களின் ஆயுளோடு முடிந்துவிடும் என்று, தாவரவியல் கற்பித்தவன் என்ற உரிமையில் நான் எடுத்துச் சொன்னதை எவரும் காதில் வாங்கவில்லை. ஆடிப் பொங்கலன்று பூசாரி, சருகும் சாமி சொத்துதான், அதில் கை வைக்காதீர்கள் என்று ஒரே வரியில் சொன்னார், எரிப்பது நின்றது. அந்த வரியை அவரிடம் சொல்லிப் பார்த்தவன் நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஆய்வாளர்களும் தங்கள் பங்குக்கு மாற வேண்டும். செருப்போடு உள்ளே நுழைந்து, கேட்காமல் கிளை ஒடித்துக்கொண்டு போகிறவர் எத்தனை தாவரப் பட்டியல் வெளியிட்டாலும் அந்த ஊர் அவரை நம்பாது.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஊராட்சிகளில் அமையும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில், கோயில்காடு உள்ள ஊர்களில் பூசாரிக்கும் அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் ஆசிரியருக்கும் இடமளிக்க வேண்டும். திருப்பணிக்கு நாள் குறிக்கும் முன் இவ்விருவரும் காட்டைச் சுற்றி வந்து, மரங்களோடு கன்றுகளையும் எண்ணிப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
திண்டிவனம் வட்டம்.