தொலைநோக்கிக்குப் புளி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த பழம்பொருள் பராமரிப்புக் குறிப்பில், பித்தளைத் தொலைநோக்கியையும் புளி போட்டுத் தேய்க்கலாம் என்று இருந்தது. குத்துவிளக்குக்கு அது சரி. பழைய லண்டன் தொலைநோக்கியின் பொன்னிறமோ வெறும் பித்தளையின் நிறமன்று. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிசாகப் பூசியது. புளி பட்டால் அந்தப் பூச்சு திட்டுத்திட்டாக உரியும். பொறித்த எழுத்து மழுங்கும். திருகு மரைக்குள் தங்கும் புளிப்பு பச்சைக் களிம்பாகி மூடியை இறுக்கிவிடும்.

அமோனியா கலந்த பாலிஷ் இன்னும் மோசம். இழுத்துக் குழாயாக்கிய பித்தளைக்குள் அந்த இழுவிசை அடங்கிக் கிடக்கும். அமோனியா பட்டால் வெடிப்பு விடலாம். பிரிட்டிஷ் ராணுவம் இதை நம் நாட்டில்தான் கண்டது: மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் கீறல் விட்டன.

எனவே தேய்க்கும் முன், கையில் இருப்பது எது என்று பார்த்துக்கொள்வது நல்லது. ‘டாலண்ட், லண்டன்’ என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம். பீட்டர் டாலண்ட் 1750இல் லண்டனில் லென்ஸ் கருவிகளுக்கான கடை தொடங்கினார். பட்டு நெசவாளரான தந்தை ஜான் 1752இல் சேர்ந்துகொண்டார். இரு வகைக் கண்ணாடிகளை இணைத்து, உருவத்தின் ஓரத்தில் படியும் வண்ணக் கசிவைக் குறைக்கும் லென்ஸுக்கு 1758இல் காப்புரிமை பெற்றார் ஜான். (யோசனை முதலில் செஸ்டர் மூர் ஹால் என்ற வழக்கறிஞருடையது; ஆனால் காப்புரிமை வழக்கில் வென்றது டாலண்ட் குடும்பம்.) சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தில் டி.ஜி. டெய்லர் என்ற வானியலாளர் 11,000க்கும் மேற்பட்ட நட்சத்திரங்களைப் பட்டியலிட்டது இந்த நிறுவனத்தின் கருவிகளைக் கொண்டுதான். இத்தனை மதிப்புள்ள பெயரைப் போலிகள் விட்டுவைக்குமா? ‘டாலண்ட் லண்டன் 1920’ என்று பொறித்துச் சந்தையில் கிடைப்பவற்றில் பல, நம் நாட்டிலேயே அலங்காரத்துக்காகச் செய்யப்படுபவை. அவற்றைத் தாராளமாகப் புளி போட்டுத் தேய்க்கலாம்.

பெயரைவிட முன்பக்க லென்ஸ் நம்பகமான சாட்சி. ஒரே ஒரு பல்பின் கீழ் அதைச் சாய்த்துப் பிடித்தால் பல்பின் பிம்பங்கள் தெரியும். இரண்டு தெரிந்தால் ஒற்றைக் கண்ணாடி. நான்கு தெரிந்தால் ஒட்டாமல் அடுக்கிய இரட்டை. இரண்டு பளிச்சென்றும் ஒன்று மங்கலாகவும் இருந்தால் ஒட்டிய இரட்டை. ஒற்றைக் கண்ணாடி என்றால் டாலண்ட் புகழ்பெற்ற வேலை அதில் இல்லை. இரட்டை என்பது மட்டும் டாலண்ட் என்பதற்குச் சான்றாகாது; மற்றவர்களும் பின்னாளில் அதைச் செய்தார்கள்.

சுத்தம் செய்ய வேண்டுமென்றால், வெளிக்குழாயை மென்மையான உலர்துணியால் துடைத்தால் போதும். லென்ஸில் முதலில் தூசியை ஊதி அகற்ற வேண்டும்; பிறகு டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு மென்சோப்புக் கலந்து, பஞ்சை நனைத்துப் பிழிந்து, அழுத்தாமல் ஒற்றி எடுக்கலாம். ஸ்பிரிட்டைத் தொடவே வேண்டாம். ஓரத்தில் கசிந்தாலும் அரக்கு கரைந்துவிடும். ஒட்டிய லென்ஸுக்குள் மஞ்சளோ நட்சத்திரம் போன்ற கீற்றோ தெரிந்தால் அது கண்ணாடிகளை ஒட்டப் பயன்படுத்திய கனடா பால்சம் என்ற பிசின் பழசாகிக் கெட்டதன் அடையாளம். துடைத்தால் போகாது, வீட்டில் பிரிக்கவும் கூடாது.

இரட்டைக் கண்ணாடியைக் கழற்ற நேர்ந்தால், முதலில் இரண்டின் விளிம்பிலும் சேர்த்துப் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். ஒன்று திரும்பிவிட்டாலும் காட்சி கலங்கிவிடும். கண் பக்கக் குழாயில் பெரும்பாலும் நான்கு லென்ஸ்கள் இருக்கும். அங்கேயும் இதே முறைதான். இறுகிய மரைக்குக் குறடு போட்டால் குழாய் நசுங்கி முட்டை வடிவமாகும், பிறகு உள்ளே வெளியே நகராது. அகலமான ரப்பர் பட்டையைச் சுற்றிக் கையால் திருப்புங்கள். குழாயின் உட்புறக் கறுப்பை அழுக்கென்று சுரண்டவும் வேண்டாம். பக்கவாட்டு ஒளியை விழுங்கத்தான் அதைப் பூசியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி.