இரண்டாம் விருப்பு

வெள்ளவத்தை,
06.10.2024

அன்பு நண்பருக்கு,

ஜனாதிபதித் தேர்தல் முடிவு வெளியான மறுநாள் நீர் எழுதிய கடிதத்துக்கு இரண்டு வாரம் கழித்துப் பதில் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளும். அன்றே எழுதியிருந்தால் உமது கோபத்துக்கு என் கோபத்தைத்தான் பதிலாக அனுப்பியிருப்பேன். அயலில் உள்ளவர்களோடும் ஊரில் உள்ளவர்களோடும் கதைத்த பிறகு எழுதுவோம் என்று இருந்துவிட்டேன். “வடக்கையும் கிழக்கையும் நீதிமன்றத்துக்குப் போய்ப் பிரித்த கட்சியின் தலைவர் இப்போது நாட்டுக்கே தலைவராகிவிட்டார், நீங்கள் எல்லோரும் எப்படி வாய் திறக்காமல் இருக்கிறீர்கள்?” என்று கேட்டிருந்தீர். கேள்வி நியாயமானது. 2006 ஒக்டோபரில் அந்தத் தீர்ப்பு வந்ததையும், அதற்கு முந்திய ஆண்டு சுனாமி நிவாரணத்துக்காக அரசும் புலிகளும் சேர்ந்து அமைக்கவிருந்த பொதுக்கட்டமைப்பை அந்தக் கட்சி, அதாவது மக்கள் விடுதலை முன்னணி (ஜே.வி.பி.), எதிர்த்து அரசிலிருந்து வெளியேறியதையும் நான் மறந்துவிடவில்லை. ஆனால் இங்கே நீர் காணும் மௌனம் ஒரே மாதிரியான மௌனம் அல்ல என்பதை உமக்கு விளங்கப்படுத்த வேண்டும் என்று மனம் கிடந்து தவிக்கிறது.

முதலில் அந்த இரவைப் பற்றிச் சொல்கிறேன். செப்டெம்பர் 21 சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். பழைய பழக்கத்தில், கோடு போட்ட கொப்பி ஒன்றையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். தபால் வாக்குகள் வரத் தொடங்கியதுமே அந்தத் தலைவர் அநுரவின் திசைகாட்டிச் சின்னம் முன்னால் நின்றது. விடியும்போது யார் முதலாவது என்பது தெரிந்துவிட்டது, ஆனால் ஐம்பது சதவீதத்தை யாரும் தாண்டப்போவதில்லை என்பதும் தெரிந்துவிட்டது. 1982 முதல் 2019 வரை நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் முதலாம் எண்ணிக்கையோடு காரியம் முடிந்தது. நான் அரச சேவையில் இருந்த காலமெல்லாம் தேர்தல் பயிற்சி வகுப்புகளில் இரண்டாம், மூன்றாம் விருப்புகளை எண்ணும் முறையைப் படிப்பித்திருக்கிறோம். ஒரு தடவையேனும் அதைச் செய்து பார்க்க வாய்க்கவில்லை. ஒன்பதாவது தேர்தலில் அது நடந்தபோது நான் ஓய்வு பெற்று, வீட்டில் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு பார்த்தேன்.

அந்த எண்ணிக்கையை நீர் கவனித்தீரா? அநுரகுமார திசாநாயக்கவுக்கு முதலாம் எண்ணிக்கையில் 5,634,915 வாக்குகள், அதாவது 42.31 சதவீதம். சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035. களத்தில் நின்ற மற்ற 36 பேரையும் வெளியேற்றிவிட்டு, அவர்களுக்கு விழுந்த முப்பத்து மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குச்சீட்டுகளை மீண்டும் எடுத்து, அடுத்த விருப்பு இந்த இருவரில் யாருக்கு என்று பார்த்தார்கள். அவற்றிலிருந்து அநுரவுக்கு 105,264 வாக்குகளும் சஜித்துக்கு 167,867 வாக்குகளும் சேர்ந்தன. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்ற எல்லோரும் ஒருவருக்கு மட்டும் அடையாளமிட்டுவிட்டு, அல்லது வென்றுவரக்கூடிய இருவரில் ஒருவரையும் குறிக்காமல், சீட்டைப் பெட்டிக்குள் போட்டிருக்கிறார்கள். முறை தெரியாதவர்கள் அவர்களில் இருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்த பலர் முறையை நன்றாகத் தெரிந்துகொண்டே இரண்டாவது பெயரை எழுத மறுத்தார்கள். தமக்கு வேண்டியவர் வராவிட்டால் வேறு யார் வந்தாலும் ஒன்றுதான் என்று அவர்கள் நினைத்தார்கள். இந்தத் தேர்தலில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த செய்தி இதுதான்.

இதை உம்மிடம் மறைக்க விரும்பவில்லை: என் சீட்டில் தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரனின் சங்குச் சின்னத்துக்கு எதிரே 1 என்றும் திசைகாட்டிக்கு எதிரே 2 என்றும் எழுதினேன். அந்த 105,264 சீட்டுகளில் ஒன்று என்னுடையது. அரியநேத்திரனுக்குப் போட்டது, நாங்கள் கேட்டதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று பதிவு செய்வதற்காக. அடுத்ததைப் போட்டது, இந்த நாட்டை யார் ஆள்வது என்பதில் எனக்கும் ஒரு சொல் உண்டு என்பதற்காக. இதற்காக நீர் என்னோடு சண்டை பிடிப்பீர் என்று தெரியும். பிடியும்.

ஞாயிறு மாலை முடிவு அறிவிக்கப்பட்டபோது எங்கள் ஒழுங்கையில் நடந்ததைச் சொல்கிறேன். முனையில் முச்சக்கரவண்டி நிறுத்தும் பெடியன்கள் வெடி கொளுத்தினார்கள். பெரிய ஆரவாரம் என்று சொல்ல முடியாது; ஒரு கட்டு, இரண்டு கட்டு. எங்கள் வீட்டுக்கு வலப்பக்கத்தில் மாத்தறையைச் சேர்ந்த ஓர் அம்மா இருக்கிறார், நீர் வந்திருந்தபோது உமக்குத் தொதல் தந்தவர். ஜே.வி.பி. கிளர்ச்சியை அரசு நசுக்கிய 1989இல் அவருடைய தம்பியை வீட்டிலிருந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட பிள்ளை. அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை, உடலும் இல்லை. அன்று மாலை அவர் முன் விறாந்தையில் தம்பியின் படத்தை வைத்து விளக்குக் கொளுத்தினார். மறுநாள் பாற்சோறும் கட்டைச்சம்பலும் எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். என்னிடம் தட்டைத் தரும்போது, “முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு அவனுடைய பெயரை வாசலில் நின்று சத்தமாகச் சொல்லலாம் போலிருக்கிறது” என்று சிங்களத்தில் சொல்லி அழுதார்.

இடப்பக்கத்து வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். அவரும் சிங்களவர்தான். அவருடைய தகப்பனார் பஸ் சாரதி. அதே காலத்தில் ஜே.வி.பி. வேலைக்குப் போக வேண்டாம் என்று சுவரொட்டி ஒட்டியும் பஸ்ஸை எடுத்தார் என்பதற்காக அவரை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டார்கள். வெடிச் சத்தம் கேட்டதும் அந்த வீட்டு ஜன்னல்கள் மூடப்பட்டன. பாற்சோற்றுத் தட்டை அவருடைய மனைவி வாங்கிக்கொண்டார், அவர் சாப்பிடவில்லை. “அந்தப் பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள், நல்லதைச் செய்யட்டும், ஆனால் என்னைக் கொண்டாடச் சொல்ல வேண்டாம்” என்று பிறகு என்னிடம் சொன்னார். இருபது வருடமாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிறேன். இந்த இரண்டு கதைகளையும் தனித்தனியாக நான் அறிவேன். ஆனால் ஒரே மாலையில் ஒரே செய்தி இரண்டு வாசல்களுக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைக் கண்டபோதுதான், தெற்கு என்றும் சிங்கள மக்கள் என்றும் நாங்கள் ஒரே சொல்லில் எவ்வளவற்றைப் போட்டு மூடிவிடுகிறோம் என்பது உறைத்தது.

இனி உமது கேள்விக்கு வருகிறேன். முடிவு வந்த இரவு கோப்பாயிலிருந்து தங்கை தொலைபேசியில் எடுத்தாள். “இங்கே வெடியும் இல்லை, பயமும் இல்லை, இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவிக்கிறேன்” என்றாள். 2019 நவம்பரில் அவள் கதைத்த குரல் இதுவல்ல. அன்று கோட்டாபய ராஜபக்ச 52.25 சதவீதத்தோடு வென்றபோது, யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அவருக்கு எதிரானவருக்கு வாக்களித்திருந்தார்கள். அவர் அநுராதபுரத்தில் ருவன்வெலிசாய பௌத்த தாதுகோபத்துக்கு முன்னால் பதவியேற்று, பெரும்பான்மை மக்களின் வாக்குகளாலேயே தான் வென்றதாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு, தங்கை தன் மகனின் படங்களை எடுத்துப் பெட்டிக்குள் ஒளித்தாள். அந்த மௌனம் பயம். இந்த முறை அவள் படங்களை எடுக்கவில்லை. மகிழவும் இல்லை. “பார்ப்போம்” என்று ஒரு சொல் சொன்னாள், அதற்கு மேல் நான் என்ன கேட்டும் அதே சொல்தான்.

யாழ்ப்பாணத்தில் அநுரவுக்குக் கிடைத்தது 27,086 வாக்குகள் மட்டுமே. சஜித்துக்கு 121,177, அரியநேத்திரனுக்கு 116,688, அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணிலுக்கு 84,558. தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரிக்கச் சொன்னது, பொதுவேட்பாளரை ஆதரித்தவர்கள் சங்குக்குப் போடச் சொன்னார்கள், இன்னொரு கட்சி வாக்களிக்கவே வேண்டாம் என்றது. சனம் மூன்றாகப் பிரிந்து நின்றது. ஆகவே எங்கள் சனம் தென்னிலங்கைக்கு விலைபோய்விட்டது என்று நீர் எழுதியதை இந்த எண்களை வைத்துக்கொண்டு என்னால் ஏற்க முடியவில்லை. புதிய ஜனாதிபதிக்கு வாக்களிக்காத அதே சனம் அவர் வந்ததும் வாசலைப் பூட்டவில்லை என்பதுதான் நான் கண்டது. பதவியேற்று சில நாட்களுக்குள் யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்த வேதநாயகன் அவர்களை வட மாகாண ஆளுநராக நியமித்தபோது, ஊரில் அதைப் பற்றி நல்ல வார்த்தைகள் கேட்டன. எங்கள் சேவையிலிருந்து போன ஒருவர் என்பதால் எனக்கும் நிறைவுதான்.

வெள்ளவத்தைச் சந்தைக்கு அருகில் நாங்கள் மருந்து வாங்கும் கடைக்காரர் ஒரு முஸ்லிம். அவர் சஜித்துக்கு வாக்களித்தவர். தோற்றதற்கு அவருக்குக் கவலையே இல்லை. கொரோனா காலத்தில் அவருடைய மாமாவின் ஜனாஸாவைக் குடும்பத்தார் கதறக் கதற எரித்தார்கள். கொரோனாவால் இறந்தோரை எரிக்கவே வேண்டும் என்ற அந்த அரச உத்தரவை 2021 பெப்ரவரியில்தான் விலக்கினார்கள். ராஜபக்சக்களின் மொட்டுக் கட்சி 52.25 சதவீதத்திலிருந்து இந்தத் தேர்தலில் 2.57 சதவீதத்துக்கு வந்துவிட்டது என்பதே அவருக்குப் போதுமான முடிவு. வென்றவர் யார் என்று அவர் அதிகம் யோசிக்கவில்லை. மலையகத்தில் நிலைமை வேறு. நுவரெலியா மாவட்டத்தில் சஜித்தே முதலாவதாக வந்தார். அட்டனில் இருக்கும் என் பழைய சக உத்தியோகத்தர், தோட்டத் தொழிலாளருக்கான 1700 ரூபா நாட்சம்பளத்துக்கு எதிராகத் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போன கதையைத்தான் லயங்களில் இன்னும் கதைக்கிறார்கள் என்றார்.

நண்பரே, 1988 டிசம்பர் 19ஆம் திகதியைப் பற்றி உமக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. மாத்தளை மாவட்டத்தில் ஒரு கிராமப் பாடசாலையில் வாக்களிப்பு நிலையக் கடமையில் இருந்தேன். வாக்களித்தால் சாவு என்று ஜே.வி.பி. எச்சரித்திருந்தது. மதியம் வரை வெற்று மேசைகளுக்குப் பின்னால் இருந்தோம். ஒரு கிழவர் மட்டும் தடியூன்றி வந்து வாக்களித்துவிட்டு, வந்த வழியாகப் போகாமல் வயலுக்குள் இறங்கிப் போனார். நாடு முழுவதிலும் அன்று 55.32 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள். பதினேழு ஆண்டுகள் கழித்து, 2005 நவம்பரில், அதே வெற்று மேசைகளை யாழ்ப்பாணத்தில் கண்டேன். புலிகளின் புறக்கணிப்பால் எங்கள் மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.21 சதவீதம். மகிந்த ராஜபக்ச ஏறக்குறைய 181,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அன்றிரவு நீர் ரொறன்ரோவிலிருந்து எடுத்து, “சரியான முடிவு, யார் வந்தால் எங்களுக்கு என்ன?” என்றீர். நான் ஒன்றும் பேசவில்லை. அதைக் குற்றமாக இப்போது சொல்லவில்லை. அன்று எங்களில் பலர் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அடுத்த நான்கு ஆண்டுகளில் நடந்தவற்றுக்குப் பிறகு “யார் வந்தால் என்ன” என்ற சொல்லை என் வாயால் சொல்ல முடியவில்லை. என் சீட்டில் 2 என்ற இலக்கத்தை எழுதிய கை அந்த இரண்டு நாட்களையும் கண்ட கை.

அன்று வாக்களிக்க வேண்டாம் என்று துவக்கை நீட்டிய இயக்கம் இன்று வாக்கால் வந்து இருக்கிறது. இதைப் பெரிய மாற்றமாகவே நான் பார்க்கிறேன். அதனால் அவர்கள் எங்களுக்குச் செய்ததும் செய்யாமல் விட்டதும் அழிந்துவிடாது. கிளிநொச்சிக் கந்தசாமி கோவிலடியில் 2017 பெப்ரவரியிலிருந்து தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மாத்தறை அம்மாவுக்கு இதைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. “அவர்களுக்கு யாராவது பதில் சொன்னார்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “எங்களுக்கும் சொல்லவில்லை” என்றார்.

நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல். அதற்கு முதல் நாள் 13ஆம் திகதி ஜே.வி.பி.யினர் தங்கள் தோழர்களை நினைவுகூரும் நாள். மாத்தறை அம்மா இந்த முறை அந்தக் கூட்டத்துக்குப் போகப்போகிறார், முன்பு ஒரு நாளும் போனதில்லை. போரில் இறந்த புலிகளை நினைவுகூரும் மாவீரர் நாளான 27ஆம் திகதி தங்கை மகனுக்கும், உமது தம்பிக்கும், விளக்கேற்றப் போவாள். அவர்களை அடக்கம் செய்த கோப்பாய்த் துயிலுமில்லம் இருந்த இடத்தில் இன்னும் இராணுவ முகாம் இருப்பதால் எல்லோரும் வீதியோரத்தில்தான் நிற்பார்கள். நானும் இந்த ஆண்டு அவளோடு போய் நிற்கப்போகிறேன். 13ஆம் திகதி அரச வாகனங்களில் வந்து மாலை போடுகிறவர்களின் பொலிஸ் 27ஆம் திகதி எங்களை எப்படி நடத்துகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு உமக்கு எழுதுகிறேன். அதுவரை, திசைகாட்டிக்கு எதிரே நான் எழுதிய அந்த இரண்டாவது இலக்கத்துக்காக என்னைத் திட்ட வேண்டியதையெல்லாம் திட்டி ஒரு கடிதம் எழுதும். முழங்கால் வருத்தத்துக்கு வைத்தியரைப் பார்த்தீரா என்பதையும் மறக்காமல் எழுதும்.

என்றும் உமது
நண்பன்