பசார் ரோட்டுல பார்த்த அங்கிளுக்கு

போன சனிக்கிழமை கோலாலம்பூர் ஜாலான் பசார்ல, எலக்ட்ரானிக் சாமான் கடை கவுண்டர்ல முழிச்சிக்கிட்டு நின்ன பொண்ணு நான்தான் அங்கிள். இஞ்சினியரிங் முதல் செமஸ்டர், அதுக்குள்ள ரெண்டு ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள குட்டி கம்ப்யூட்டர் மாதிரி) போச்சு, மூணாவது வாங்க வந்தேன், கையில இருந்தது 40 ரிங்கிட்தான்.

நீங்க உங்க சாமானுக்குக் காசு கட்டிட்டு கிளம்ப வேண்டியவரு, என் போர்ட பார்த்துட்டு "என்ன சென்சார்மா மாட்டுன?"னு கேட்டீங்க. அல்ட்ராசோனிக், சத்தம் அனுப்பி தூரம் அளக்குறது, 5 வோல்ட்னு சொன்னதுமே சிரிச்சிட்டீங்க. ரசீது பின்னாடியே படம் போட்டு, சென்சாரோட எக்கோ பின்ல, அதான் பதில் சிக்னல் வர்ற கம்பியில, 5 வோல்ட் வருது, போர்டுக்கு 3.3தான் ஆகும், அதனால வோல்ட்ட குறைக்க நடுவுல 1கே (1000 ஓம்), கிரவுண்டுக்கு 2கே ரெசிஸ்டர் போடுன்னு காட்டி, அந்த ரெசிஸ்டருக்கும் நீங்களே காசு குடுத்துட்டீங்க. எங்க லெக்சரர் கூட இவ்ளோ பொறுமையா சொன்னதில்ல லா.

2021 டிசம்பர் வெள்ளத்துல ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவுல எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு, பாட்டிய தூக்கிட்டு மாடிக்கு ஓடினோம். லோங்காங்ல, அதான் வீட்டு பக்கத்து கால்வாயில, தண்ணி ஏறும்போதே போன்ல அலாரம் அடிக்கணும், அதுக்குத்தான் இந்த பாடு.

இப்ப வேலை செய்யுது அங்கிள், பக்கெட் தண்ணியிலதான்! பேரு கேக்க மறந்துட்டேன், ரொம்ப நன்றி. அந்த ரசீது என் பென்சில் பாக்ஸ்லயே இருக்கு.